பேரீச்சம்பழத்துக்குப் போகாத வண்டி

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கையில் ஒரு மஞ்சப்பையும் முகத்தில் கோயிலுக்குப் போகிற களையுமாக ஒருவர் எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிறார் என்றால், புதுப்பேட்டைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். பைக்குள் தேங்காய் பழம் இருக்காது. செய்தித்தாளில் சுற்றிய உடைந்த சாமான் ஒன்று, ஒரு டார்ச், தேய்ந்த பல் பிரஷ், ஒரு வெர்னியர் காலிப்பர் இருக்கும். வீட்டில் கார் வைத்துக்கொண்டு ஏன் மின்சார ரயிலில் வந்தார் என்று கேட்கக் கூடாது. கார் ஓடினால் அவர் ஏன் புதுப்பேட்டைக்கு வரப்போகிறார்?

இவர்தான் பழைய வண்டிக்காரர். தெருவுக்கு ஒருவர் இருந்த காலம் போய், இப்போது பேட்டைக்கு ஒருவர் மிச்சம். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஓய்வு பெற்றிருப்பார், அல்லது வண்டியைப் பார்த்துக்கொள்ள நேரம் கிடைக்கும் என்பதற்காகவே ஓய்வை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். வண்டி அவர் வாங்கியதல்ல. அப்பா முன்பணம் கட்டி, வருஷக்கணக்கில் காத்திருந்து, 1984-ல் எடுத்த பிரீமியர் பத்மினி. மூன்று எழுத்து, நான்கு எண் போட்ட அந்தக் காலத்து நம்பர் பிளேட்டை வாரம் ஒருமுறை துடைப்பார். அப்பா படத்துக்கு வருஷம் ஒருமுறைதான்.

பம்பாய் குர்லாவில் பிறந்த வண்டி அது. 1964-ல் ஃபியட் 1100 டிலைட் என்று வந்து, எழுபதுகளில் பத்மினி ஆனது. சித்தூர் ராணியின் பெயரை வைத்தார்கள் என்பார்கள். பழைய வண்டிக்காரர் மறுக்கமாட்டார். ஆனாலும் அவர் மனத்துக்குள் அது ‘தில்லானா மோகனாம்பாள்’ பத்மினிதான். 1089 சிசி இன்ஜின், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர், முன்னால் மூன்று பேர் உட்காரும் நீள சீட். கடைசிக் காலத்தில் தரையில் கியர் வைத்து எஸ்-1 என்று ஒன்று வந்ததே என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும். “அது பத்மினி இல்ல. பத்மினி வேஷம் கட்டினது.”

அப்பா பத்மினி எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால், 1983 டிசம்பரில், மாருதி 800 வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அதை வாங்கினார், விற்றார். அதற்குப் பிறகு நான்கு வண்டி மாற்றிவிட்டார். “இன்னும் எதுக்கு சார் இதைக் கட்டிக்கிட்டு அழறீங்க? பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டு ஒரு புது வண்டி எடுங்க” என்று ஒருநாள் சொல்லிவிட்டார். பழைய வண்டிக்காரர் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். ஒரு வாரம் தாங்கியது. எட்டாம் நாள் செல்ஃப் எடுக்கவில்லை. தள்ளுவதற்கு ஆள் வேண்டுமே!

புதுச் சாமான் வேண்டுமானால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பழசு வேண்டுமானால் புதுப்பேட்டை. பெயரில்தான் புதுசு. கூவத்தை ஒட்டிய அந்தச் சந்துகளில் கதவுகள் வாழைத்தார் மாதிரி தொங்கும். ஹெட்லைட்டுகள் வரிசையாகக் கண் விழித்துப் பார்க்கும். தரையில் பல வருஷத்து ஆயில் ஊறித் தார்ரோட்டையே பாலிஷ் போட்டிருக்கும். காயலான் கடை என்ற சொல் காயல்பட்டினத்து வியாபாரிகளால் வந்தது என்பார்கள். அந்தச் சொல்லை இங்கே வந்து சொல்லிப் பாருங்கள், கடைக்காரருக்கு முன்னால் பழைய வண்டிக்காரருக்குக் கோபம் வரும். வண்டியை இங்கே நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வருவதற்குள் அதன் சக்கரத்தை நமக்கே விற்றுவிடுவார்கள் என்கிற பழைய ஜோக்குக்கும் அவர் சிரிப்பதில்லை. பத்மினிச் சக்கரத்துக்கு அவ்வளவு கிராக்கி இருந்தால் அவருக்குப் பெருமைதான்.

அன்றைக்கு அவர் தேடி வந்தது ஏசி பம்ப். குளிர்சாதனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டாங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோலை இழுத்துக் கொடுக்கிற சின்னப் பம்புக்கு மெக்கானிக்குகள் வைத்த பெயர் அது. இன்ஜினின் பக்கவாட்டிலேயே உட்கார்ந்திருப்பதால் அக்னி நட்சத்திரத்தில் அதற்குள் பெட்ரோல் ஆவியாகி, பாதி வழியில் வண்டி படுத்துவிடும். வைத்தியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், நெற்றிக்குப் பற்றுப் போடுவது மாதிரி பம்ப்மேல் ஈரத்துணி. டிக்கியில் எப்போதும் ஒரு பாட்டில் தண்ணீரும் கிழிந்த வேட்டித் துண்டும் இருப்பது அதற்காக. இந்தத் தடவை ஈரத்துணிக்குக் கேட்கவில்லை. பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. உள்ளே இருக்கும் டயாஃப்ரம் ஊறி, உப்பி, கிழிந்துவிட்டது.

“பாய், பத்மினி ஏசி பம்ப் இருக்கா?”

“இப்பல்லாம் எங்க சார் வருது? புதுசு லோக்கல் இருக்கு, தரவா?”

“லோக்கல் வேணாம் பாய். பழசு குடுங்க, ஒரிஜினல்.”

இந்த ஒரு வார்த்தையில் பாய்க்கு விலை போடத் தெரிந்துவிடும். ஊரில் எல்லா இடத்திலும் புதுசுக்கு விலை அதிகம், பழசுக்குக் குறைவு. பத்மினிக்காரர்கள் விஷயத்தில் தலைகீழ். கம்பெனி மூடிய பிறகு வருகிற நகல் சாமான்களில் உலோகம் மெலிசு, அளவு உத்தேசம். மாட்டினால் மூன்று மாதம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் வார்த்த பம்புக்கு டயாஃப்ரத்தை மட்டும் மாற்றினால் இன்னொரு தலைமுறை ஓடும். அதனால்தான் செத்த வண்டியின் சாமானைத் தேடி இவ்வளவு அலைச்சல்.

பாய் உள்ளே போய், ஒரு பெயிண்ட் டப்பாவுக்குள் கைவிட்டு, களிமண் உருண்டை போல ஒன்றை எடுத்து வைத்தார். பழைய வண்டிக்காரர் பிரஷ்ஷால் தேய்த்தார். உட்காரும் முகத்தில் விரிசல் உண்டா என்று டார்ச் அடித்தார். காலிப்பரால் ஆணித் துளைகளின் இடைவெளியை அளந்தார். பிறகு பெட்ரோல் உள்ளே வரும் துளையைக் கட்டைவிரலால் அடைத்து, நெம்புகோலை நான்கு தடவை அமுக்கினார். விரலை உள்ளே இழுத்துப் பிடித்தால் பம்ப்புக்கு உயிர் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நாடி பார்த்தார். இழுத்தது.

“எவ்ளோ பாய்?”

“ஆயிரத்து எட்நூறு.”

“இரும்பு விலைக்குக் கேட்கறேன், தங்க விலை சொல்றீங்களே.”

“நாலு தடவை அமுக்கும்போதே உங்க முகத்தைப் பாத்துட்டேன் சார். ஆயிரத்து அறுநூறு குடுங்க.”

பேரம் அங்கேயே முடிந்தது. சாமான் கிடைத்த சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் இருப்பது பெரிய வித்தை. முப்பது வருஷமாக முயன்றும் அவருக்கு அது கைவரவில்லை.

எந்த வண்டிச் சாமான் எந்த வண்டிக்குச் சேரும் என்பதில்தான் இவர்களுடைய பாண்டித்தியம். ஆம்னிக்கும் மாருதி 800-க்கும் ஒரே 796 சிசி குடும்பம், அம்பாசடரின் 1.8 இசுசு இன்ஜினும் கான்டெசாவின் இன்ஜினும் உறவு என்று கல்யாணத் தரகர் மாதிரி கோத்திரம் சொல்வார்கள். அவர்களுக்குள்ளேயே மேல் கீழும் உண்டு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர், சென்னையிலேயே பிறந்த வண்டி என்ற மிதப்பில், பத்மினிக்காரரைப் ‘பம்பாய்ப் பார்ட்டி’ என்பார். ஹெரால்டுச் சாமான் அதைவிடக் கிடைக்காது. கிடைக்காத சாமானுக்குத்தான் அந்த வட்டாரத்தில் மதிப்பு.

சேலத்தில் ஒரு பத்மினி கட்டிங்குக்கு வந்திருக்கிறது என்று போன் வந்தால் ராத்திரியே பஸ் ஏறிவிடுவார். துக்கம் விசாரிக்கப் போகிறவர் கையில் ஸ்பேனர் செட் இருக்கும். தெருவில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் வேறொருவர் வண்டியைப் பார்த்தாலும் அப்படித்தான். உரிமையாளரிடம் உடம்பு எப்படி, வண்டி எப்படி என்று அக்கறையாக விசாரிக்கும்போதே கண் மட்டும் அதன் பம்பரை அளந்துகொண்டிருக்கும். 2023 அக்டோபர் கடைசியில் மும்பையில் பத்மினி டாக்சிகளின் சகாப்தம் முடிந்தது. 2003-ல் பதிவான கடைசி டாக்சிக்கு இருபது வயது நிறைந்துவிட்டது. தொலைக்காட்சியில் அந்தச் செய்தியைப் பார்த்துக் கண் கலங்கினார். “அத்தனை டாக்சியோட ஏசி பம்ப்பும் எங்கே போகுமோ!”

அவர் கொண்டுவந்ததெல்லாம் வீட்டில் இருக்கிறது. பரணில் பானட், மாடிப்படிக்கு அடியில் கியர் பாக்ஸ், கட்டிலுக்கடியில் நான்கு டைனமோ. நவராத்திரியில் கொலுப்படி ஆடினால் முட்டுக்கொடுக்க லீஃப் ஸ்பிரிங். இதற்கெல்லாம் மனைவி சண்டை போடுவார் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். இத்தனை வருஷத்தில் அந்த அம்மாள் பாதி மெக்கானிக். டெல்கோ மூடியைத் திறந்து, பாயிண்ட்டை உப்புத்தாளால் ஒரு இழுப்பு இழுத்து மூடினால் வண்டி கிளம்பிவிடும். கணவர் அதற்குள் மெக்கானிக்குக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார்.

பழைய வண்டிக்காரருக்கு ஒரே பயம், எஃப்.சி. பதினைந்து வயதுக்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2019-ல் அதற்கு 600 ரூபாய். 2024-ல் 5,000. 2025-ல் வந்த உத்தரவின்படி இருபது வயது தாண்டிய காருக்கு 10,000, பசுமை வரி தனி. ஆனால் ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. ஐம்பது வயதான வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்ய 2021-ல் விதி வந்திருக்கிறது. இன்ஜினும் பாடியும் மாறாமல் பழையபடியே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2034 வரை தாக்குப்பிடித்தால் பத்மினிக்குத் தனி நம்பர், தனி மரியாதை.

அன்று மாலை பம்ப்பைக் கழுவி, டைனிங் டேபிளில் வைத்துக்கொண்டு, அந்த விதியை மனைவிக்குப் படித்துக் காட்டினார். தினப்படிக்கு ரோட்டில் ஓட்டக் கூடாது என்ற வரி வந்ததும் குரல் இறங்கியது.

“அப்போ அதுக்கப்புறம் வெளியவே எடுக்க முடியாதா?”

“கண்காட்சிக்குப் போகலாம். ராலிக்குப் போகலாம். பெட்ரோல் போடப் போகலாம்... ரிப்பேருக்குப் போகலாம்.”

அந்த அம்மாள் பம்ப்பை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தட்டை வைத்தார்.

“இப்ப மட்டும் வேற எங்க போறோம்?”