சென்சார் அண்ணாச்சி

பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர் என்று பாளையங்கோட்டையில் எந்தப் பக்கம் போனாலும் தெருவுக்கு ஒரு சென்சார் அண்ணாச்சி இருப்பார். பென்ஷன்காரர். மகன் டாலஸில். ஊருக்கு வந்தால் அப்பாவுக்கு வேட்டி, அம்மாவுக்குச் சேலை என்று எடுத்துக் கொடுத்த காலம் போய், இப்போது கேமராவும் சென்சாருமாக மாட்டிவிட்டுப் போகிறான். வாசல் கதவில் ஒன்று, தார்சாவில் ஒன்று, மாடித் தண்ணீர்த் தொட்டியில் ஒன்று, அடுக்களையில்கூட ஒன்று.

எதற்கு இத்தனை என்று கேட்டுவிட்டால் தொலைந்தோம். அண்ணாச்சி நேரே கல்யாணிபுரத்துக்குப் போய்விடுவார். 2019 ஆகஸ்டில் கடையம் பக்கத்து அந்த ஊரில், அரிவாளோடு வந்த இரண்டு முகமூடிக் கொள்ளையரை ஒரு வயதான தம்பதி விரட்டியடித்த கேமராக் காட்சி நாடெங்கும் ஓடியது. சுதந்திர தினத்தன்று அரசு விருதும் கொடுத்தது. "கேமரா இல்லேன்னா வெளிய தெரிஞ்சிருக்குமாவே?" என்பார். தெரிந்திருக்காதுதான். ஆனால் விரட்டியது பிளாஸ்டிக் நாற்காலியும் செருப்பும். கேமரா பார்த்துக்கொண்டு இருந்தது, அவ்வளவுதான். இதைச் சொன்னால் காபி வராது.

ரகசியம் காப்பதில் அண்ணாச்சியை மிஞ்ச ஆளில்லை. பென்ஷன் எவ்வளவு என்பது கூடப்பிறந்த தம்பிக்கே தெரியாது. பேத்திக்கு எத்தனை பவுன் போடுவது என்பதை ஆச்சியிடம்கூடக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவார். சாத்திய கதவுக்கு உள்பக்கம், மூலையில், பச்சை விளக்கு ஒன்று மினுங்கிக்கொண்டிருக்கும். யாராவது ஆதார் நகல் கேட்டால், "அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017-லயே சுப்ரீம் கோர்ட்ல ஒம்பது ஜட்ஜு சொல்லிட்டாவ" என்று சண்டைக்குப் போவார். அதே மனிதர், ஆப்பில் வருகிற 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை நெல்லையப்பர் கோயில் உண்டியலில் சில்லறை போடுகிற மாதிரி, எண்ணாமல் அமுக்குவார்.

ரிங் கேமராவில் பதிவான வீட்டுக் காட்சிகளைக் கம்பெனி ஊழியர்களே பார்த்தார்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-இல் வழக்குப் போட்டு, 58 லட்சம் டாலர் கட்ட வைத்த கதையை ஒருநாள் எடுத்துச் சொன்னேன். "அது அமெரிக்கால்லா? சம்பளம் குடுத்தாலும் நம்ம மூஞ்சியை எவன்வே பாப்பான்?" என்று முடித்துவிட்டார்.

எதிர்வீட்டு மதினிதான் முதலில் கொடி பிடித்தது. "ஒங்க கேமரா எங்க வாசலைல்லா பாக்கு அண்ணாச்சி. நான் கோலம் போடுதத ஒங்க மவன் அங்கன இருந்து பாக்கணுமாக்கும்?" அண்ணாச்சி 2023-ஆம் ஆண்டு தகவல் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துவிட்டார்: தனிமனிதர் வீட்டுத் தேவைக்கு வைத்துக்கொள்ளும் தகவலுக்கு அது பொருந்தாதாம். அப்படி ஒரு விலக்கு இருப்பது நிஜம். அதே காட்சியைத் தன் சர்வரில் வைத்திருக்கிற கம்பெனிக்கு அந்த விலக்கு இல்லை என்பதுவரை அவர் வாசிக்கவில்லை. மதினி பதிலுக்குச் சட்டம் பேசவில்லை. மறுநாள் முதல் கேமராக் கண்ணுக்கு நேராகப் போர்வை காயப்போட ஆரம்பித்துவிட்டார்.

அண்ணாச்சிக்குச் சூடு விழுந்தது அடுக்களையில். அவருக்குச் சர்க்கரை. ராத்திரி இரண்டு மணி, ஊரே உறங்குகிறது, டாலஸில் பட்டப்பகல். அலமாரி மேலிருந்து குரல் கேட்டது.

"அப்பா, அங்க என்ன பண்ணுதிய?"

"தண்ணி குடிக்க வந்தேம்ல."

"தண்ணி குடிச்சதுக்கு வெரலை ஏன் நக்குதிய?"

கம்பெனிக்காரன் பார்த்தால் வராத கூச்சம், பெற்ற பிள்ளை பார்த்ததும் வந்துவிட்டது. இருட்டுக்கடை அல்வாப் பொட்டலம் மறுநாளே இடம் மாறியது.

ஆச்சி இந்த வம்புக்கெல்லாம் போகிற ஆளில்லை. சேலை மாற்ற வேண்டுமென்றால் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைக் கேமராக் கண்ணில் ஒட்டிவிடுவாள். கேமரா அடிக்கடி கெட்டுப்போகிறது என்று மகன் அங்கிருந்து புலம்புவான். அண்ணாச்சி இந்தத் தொழில்நுட்பத்தைக் கவனித்து வைத்திருந்திருக்கிறார் போல. போன வாரம் விடிகாலையில் அடுக்களைக்குள்ளிருந்து ஆச்சி சத்தம் கொடுத்தாள்:

"இங்கேருங்க, அட்டையில ஒரு பொட்டு குறையுதே!"