வெயிலுக்கு மின்கட்டணம் இல்லை

கேள்வி: மாடித்தோட்டத்தில் கத்தரியும் கொத்தவரையும் காய்த்துத் தள்ளுகின்றன. ஃபிரிட்ஜில் இடமில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, வேங்கிக்கால்

பதில்: வற்றல் போடுங்கள். கலெக்டர் ஆபீஸே உங்கள் ஊரில்தான் இருக்கிறது என்றாலும், அக்னி நட்சத்திரத்தில் அங்கே ஆட்சி வெயிலுடையதுதான். கத்தரிக்காயில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அழுகவைக்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் பிழைக்கின்றன. ஃபிரிட்ஜ் அவற்றைச் சோம்பேறியாக்கும், அவ்வளவே; வெயிலோ பிழைப்பிலேயே மண்ணைப் போடும். பத்து கிலோ கத்தரி சுமார் ஒரு கிலோவாகி டப்பாவில் அடங்கிவிடும். நறுக்கியதை உப்புக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு வடித்துக் காயவைப்பதும் வெறும் சம்பிரதாயமல்ல: நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும் நொதிகள் அந்தச் சூட்டில் அடங்குகின்றன. கிள்ளினால் வளையாமல் ஒடியும்வரை காயட்டும்; இரவில் உள்ளே எடுத்துவிடுங்கள், பனி ஈரம் ஏறும்.

சத்து போய்விடுமே என்பீர்கள். வைட்டமின் சி பெருமளவு போகும், உண்மை. நார்ச்சத்தும் தாதுக்களும் பெரும்பாலும் தங்கும். குப்பைக்குப் போகும் காயில் எதுவும் தங்காது. பாட்டிலில் அடைத்தால் என்ன? புளிப்பில்லாத காயைக் காற்றுப் புகாமல் அடைத்தால் பொட்டுலிசம் கிருமிக்கு அரண்மனை கட்டிய மாதிரி; அதன் வித்துகள் சாதாரணக் கொதிப்புக்கு அசையாது, பிரஷர் குக்கர் போன்ற அழுத்தச் சூடு வேண்டும். உப்பு அதிகம் என்ற ஆட்சேபம்தான் நியாயமானது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கொத்தவரையை உப்பின்றி அவித்தே உலர்த்தலாம். மோர் மிளகாய்க்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது.