பழைய பாட்டில்காரர்

பழைய பாட்டில் என்றதும் நமக்கு இரண்டு பேர் ஞாபகம் வரும். ஒருவர் சாயங்காலமானால் டாஸ்மாக் வாசலில் நிற்பவர். இன்னொருவர் பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்கு எடுப்பவர். நான் சொல்லப்போகிறவர் இந்த இரண்டிலும் சேராதவர். “எழுபதுகளோட சரக்கு சார், மூடியைத் திறந்தா இன்னிக்கும் கும்முனு இருக்கு” என்று இவர் பால்கனியில் நின்று போனில் பேசியதைக் கேட்டுவிட்டு, எதிர் வீட்டு மாமி குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தியதுண்டு. இவர் பேசியது சென்ட்டைப் பற்றி.

இவருக்கு வயது முப்பதும் இருக்கலாம், அறுபதும் இருக்கலாம். அடையாளம் வேறு. பேசிக்கொண்டே இருக்கும்போது மணிக்கட்டு தானாக மூக்குக்குப் போகும். சட்டைப்பையில் பேனா இருக்கும் இடத்தில் நீளமான வெள்ளைக் காகிதத் துண்டுகள் செருகியிருக்கும். சென்ட்டை அடித்து முகர்ந்து பார்க்க. பஸ் டிக்கெட் என்று நினைத்து ஒரு தடவை கண்டக்டர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல பாசி தெரியுதா பாருங்க” என்றார் நம்மவர். கண்டக்டர் அடுத்த ஸ்டாப்பிங்கில் விசில் கொடுத்துவிட்டார்.

இவருக்குப் பிடிக்காதது இனிப்பு. காபியில் அல்ல, சென்ட்டில். இந்தக் காலத்துப் பையன்கள் போட்டுக்கொள்ளும் வனிலாவும் கேரமலும் லிஃப்டில் ஏறும்போது, இவர் நாலாவது மாடி வரைக்கும் மூச்சை அடக்கிக்கொள்வார். வெளியே வந்ததும் கேட்பார்: “ஆம்பளை மேல ஐஸ்கிரீம் பார்லர் வாசனை வரலாமா சார்?” வரலாமா கூடாதா என்று நாம் யோசிப்பதற்குள் பாடம் ஆரம்பித்துவிடும்.

பாடத்தின் சாரம் இது. நல்ல ஆண் சென்ட்டுக்கு மேலே எலுமிச்சை வகை, கீழே பாசி. நடுவில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். இந்தக் கட்டுமானத்தை 1917-இல் பிரான்சுவா கோட்டி என்பவர் ‘ஷீப்ர்’ என்ற சென்ட்டில் நிலைநாட்டினார். மேலே இருப்பது பெர்கமோட். இத்தாலியின் தென்கோடியில் கலாப்ரியாவில் விளையும் பழம். அதை யாரும் உரித்துச் சாப்பிடுவதில்லை. தோலைப் பிழிந்து எண்ணெய் எடுக்கிறார்கள். நடுவில் லாப்டனம் என்ற பிசின். மத்தியதரைக்கடல் பக்கத்துப் புதர் ஒன்றில் கசிவது. முன்காலத்தில் அந்தப் புதரை மேய்ந்துவிட்டு வரும் ஆடுகளின் தாடியில் ஒட்டியிருப்பதைச் சீவி எடுப்பார்களாம். இந்த இடம் வரும்போது நம்மவர் தன் தாடியைத் தடவிக்கொள்வார். ஏன் என்று கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

அடியில் இருப்பது ஓக் மரத்துப் பாசி. அங்கேதான் அவருக்குக் குரல் தழுதழுக்கும். “ஆனா அது பாசியே இல்ல சார்” என்பார். உண்மைதான். பூஞ்சையும் ஆல்காவும் ஒன்றாய் வாழ்கிற லைக்கன் என்ற உயிர் அது. ஓக் மரப்பட்டையில் சாம்பல் பச்சையாய்த் தொங்கும். பால்கன் நாடுகளில் மூட்டை மூட்டையாகச் சேகரித்து, பிரான்சின் கிராஸ் நகரத்துக்கு அனுப்பிச் சாறு எடுப்பது வழக்கம். மழை நின்ற காட்டின் ஈரம், மை, தோல் செருப்பு, கடலோரத்து உப்பு, எல்லாம் அதில் கலந்து வரும்.

இதையெல்லாம் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி ஒருநாள் அஞ்சறைப்பெட்டியோடு வெளியே வந்தார். “ஏங்க, இந்தக் கல்பாசியைத்தானே இத்தனை நாளாச் சொல்றீங்க? பிரியாணிக்குப் போடறது?” என்றார். நம்மவருக்கு முகம் செத்துவிட்டது. ஏனென்றால் அம்மையார் சொன்னதில் பாதி சரி. செட்டிநாட்டுக் குழம்பில் போடும் கல்பாசியும் லைக்கன்தான், இனம்தான் வேறு. அன்று முதல் கறிக்குழம்பு தாளிக்கும்போது அவர் அடுப்பங்கரைப் பக்கம் வந்து நிற்கிறார். இத்தனை வருஷத் தாம்பத்தியத்தில் வராத பழக்கம்.

அவருடைய குலதெய்வம் கிறிஸ்டியன் டியோர் கம்பெனியின் ‘ஓ சவாஜ்’. 1966-இல் வந்தது. செய்தவர் எட்மோன் ருட்னிட்ஸ்கா. எலுமிச்சை, பெர்கமோட், ரோஸ்மேரி, அடியில் வெட்டிவேரும் பாசியும். இதற்கு நடுவில் ருட்னிட்ஸ்கா ஹெடியோன் என்ற ஒரு பொருளைப் போட்டார். மல்லிகைச் சாற்றில் என்ன இருக்கிறது என்று ஆராயப்போன இடத்தில் கிடைத்தது அது. அதைச் சேர்த்ததும் எலுமிச்சைக்குள் ஜன்னல் திறந்துவிட்ட மாதிரி காற்று வந்தது என்று நம்மவர் கையை விரித்துக் காட்டுவார். விரித்த கை, கொண்டையில் நாலு முழம் மதுரை மல்லியோடு காபி கொண்டுவரும் மனைவியின் மேல் படும். அந்த மல்லிகையைப் பற்றி அவர் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதாகத் தகவல் இல்லை.

குலதெய்வத்துக்குப் பரிவாரங்களும் உண்டு. 1955-இல் ஆன்ரி ரோபெர் செய்த ஷனேல் ‘பூர் மெஸ்யூ’. 1949-இல் வந்த ரோஷாவின் ‘முஸ்தாஷ்’. பின்னதற்கு மீசை என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்பதற்காகவே மதுரைக்காரர்கள் அதை ஆதரிக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

நம்ம ஊர் வெயில் ஒன்றுதான் இவருக்குச் சவால். எலுமிச்சை வகை மணங்களின் மூலக்கூறுகள் சின்னவை, சீக்கிரம் ஆவியாகிவிடும். மே மாதம் காலை எட்டு மணிக்குப் போட்டுக்கொண்டு தெருமுனைக்கு வருவதற்குள் பெர்கமோட் கலாப்ரியாவுக்கே திரும்பிவிடுகிறது. “சென்ட் போயிடுச்சே சார்” என்றால் கோபம் வரும். “போகல. மேல இருந்தது போய் அடியில இருக்கிறது வந்திருக்கு. கிட்ட வந்து பாருங்க.” கிட்டப் போனால் வாஸ்தவமாகவே இருக்கும், சட்டைக் காலருக்கு உள்பக்கம், உலர்ந்து, லேசான கசப்போடு. ஆனால் பஸ் ஸ்டாப்பில் ஒரு ஆண்பிள்ளையின் காலருக்குள் மூக்கை விட்டுப் பார்க்கும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இந்த விஷயத்தில் அவர் மனசு நொந்த சம்பவம் ஒன்று. துபாயிலிருந்து வந்த அக்கா மகன், “மாமா, உங்களுக்குத்தான்” என்று ஒரு பெரிய தங்கநிற பாட்டிலை நீட்டினான். அகிலும் சர்க்கரைப் பாகும் கலந்த ரகம். மாமா பல்லைக் கடித்துச் சிரித்து வாங்கிக்கொண்டு, மறுநாள் வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டார். அதற்கு அடுத்த நாளிலிருந்து அபார்ட்மென்ட் முழுக்க ஒரே பேச்சு, வாட்ச்மேன் என்ன மணமாக இருக்கிறார் என்று! செயலாளர் கேட்டார். மூன்றாம் மாடி டாக்டர் கேட்டார். கடைசியில் மனைவியும் கேட்டார். நம்மவரை இத்தனை வருஷத்தில் கேட்டவர் ஒருவர் உண்டு: பல்லி மருந்து அடித்தீர்களா என்று.

இவருக்கு நிரந்தரத் துக்கமும் ஒன்று உண்டு. அந்த ஓக் பாசியில் அட்ரனால், குளோரோ அட்ரனால் என்று இரண்டு பொருள்கள் இருக்கின்றன. சிலருக்குத் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். வாசனைத் தொழிலின் உலக அமைப்பான இஃப்ரா முதலில் பாசியின் அளவைக் குறைத்தது. 2017-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த இரண்டு பொருள்களுக்கும் தடை போட்டது. 2021 ஆகஸ்டுக்குப் பிறகு அவை உள்ள சரக்கை அங்கே கடையில் வைக்கக்கூடாது. இப்போது அந்த இரண்டையும் நீக்கிய பாசிச்சாறும், பாசி மணம் தரும் செயற்கைப் பொருள்களும் வருகின்றன. யாருக்கும் அரிப்பு வரக்கூடாது என்பது நியாயமான எண்ணம்தான். ஆனால் நம்மவர் இஃப்ரா என்ற பெயரை, வரப்பு நகர்த்திய பங்காளியின் பெயரைப் போலத்தான் உச்சரிப்பார்.

அதனால்தான் பழைய பாட்டில். அடியில் பொறித்திருக்கும் பேட்ச் நம்பரை பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார். வெளிச்சமும் சூடும் ஆகாது என்று பாட்டில்கள் ஃபிரிட்ஜில், தயிருக்கும் முருங்கைக்காய்க்கும் நடுவில் இருக்கும். மாவு வைக்க இடமில்லை என்று வீட்டில் வாரம் ஒரு சண்டை. ஓய்வு பெற்றதும் காசிக்குப் போகலாம் என்கிறார் மனைவி. இவருக்கு வெர்சாய் போக ஆசை. அங்கே 1990 முதல் ‘ஒஸ்மோதெக்’ என்ற வாசனைக் காப்பகம் இருக்கிறது. கோட்டியின் அந்த 1917 ஷீப்ர் உள்பட, மறைந்துபோன சென்ட்டுகளை ஆர்கான் வாயு நிரப்பி, 12 டிகிரி குளிரில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். “ஃபிரிட்ஜ்லதானே வெச்சிருக்காங்க, இதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்?” என்று அம்மையார் முடித்துவிட்டார்.

கிண்டல் போதும். இவரிடம் ஒரு நியாயம் இருக்கிறது. இப்போதைய சென்ட் பாதி, போட்டுக்கொண்டவர் வருவதற்கு முன்னால் வந்து, போன பிறகும் போகாமல் உட்கார்ந்திருக்கும். எலுமிச்சையும் பாசியும் அப்படி அல்ல. முதலில் குளித்துவிட்டு வந்த சுத்தம்; பிறகு மண்ணும் மரமும். இரண்டுக்கும் நடுவில் உங்களைக் கெஞ்சுகிற இனிப்பு எதுவும் கிடையாது. கொஞ்சம் கசப்பை விட்டுவைத்திருப்பதால்தான் ஐம்பது அறுபது வருஷம் கழித்தும் திகட்டவில்லை. அடுத்தவர் மூக்கை ஆக்கிரமிக்காமல் தன் சட்டைக்குள்ளேயே சந்தோஷப்படுகிற மனிதரை, ஒலிபெருக்கி கட்டிய நம் தெருவில் நான் மரியாதையோடுதான் பார்க்கிறேன். அவர் போட்டுக்கொள்வது அடக்கமான சென்ட். அடக்கம் இல்லாதது அவர் பேச்சு மட்டுமே.

ஆகவே வாசகர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். உங்கள் ஆபீசிலும் இப்படி ஒருவர் இருப்பார். “என்ன சென்ட் சார் போட்டிருக்கீங்க?” என்று அவரை ஒரு தடவையாவது கேளுங்கள். பாவம், அந்தக் கேள்விக்காகத்தான் வருஷக்கணக்காகக் காத்திருக்கிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, சாப்பிட்டுவிட்டுக் கேளுங்கள்.