ஆமை புகுந்த வீட்டில் ஜப்தியாகும் பொருள்கள்

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்ற பழமொழியின் பிற்பாதிக்கு யாரும் உரை எழுதத் தேவைப்பட்டதில்லை. கோர்ட் டிக்ரியோடு அமீனா வாசலில் வந்து நின்றால் அண்டா, கட்டில், பீரோ என்று வரிசையாக வெளியே போகும். முற்பாதியில்தான் சிக்கல். பகுத்தறிவாளர் அதை மூடநம்பிக்கை என்று தள்ளினர். சோதிடர் பரிகாரம் சொல்லித் தட்சிணை வாங்கினர். பழமொழி ஆமையையும் அமீனாவையும் ஒரே மூச்சில் சொல்கிறது என்பதை இரு தரப்பும் கவனிக்கவில்லை. ஆமை செய்வதும் ஜப்திதான் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

இதைத் தமிழ்நாட்டில் வைத்துச் சோதிக்க வழியில்லை. நட்சத்திர ஆமையை இங்கே வீட்டில் வளர்த்தால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பின்னாலேயே வனத்துறையும் புகும். வீடு ஆமையால் கெட்டதா, அதிகாரியால் கெட்டதா என்று பிரித்தறிய முடியாமல் ஆய்வு குழம்பிவிடும். ஆகவே களம் இங்கிலாந்து. மத்தியதரைக் கடலோர நில ஆமைகளை லட்சக்கணக்கில் கப்பலேற்றி வந்து விற்ற நாடு அது. 1984இல்தான் அந்த இறக்குமதிக்குத் தடை வந்தது. வெயில் காய்ந்தே பிழைக்கும் பிராணி, வெயிலே அதிகம் எட்டிப் பார்க்காத ஊர். எனவே ஆமைக்கு வீட்டுக்குள்ளேயே இடம் கட்டித் தர வேண்டியதாயிற்று. ஜப்தி அங்கே தொடங்குகிறது.

முதலில் போவது புத்தக அலமாரி. கண்ணாடித் தொட்டி போதாதோ எனின், போதாது. கண்ணாடி என்று ஒன்று உலகில் இருப்பதை ஆமை ஒப்புக்கொள்வதில்லை. எதிரே தெரியும் சோபாவை நோக்கி நாள் முழுக்க நடக்கும், முட்டும், சுரண்டும். வள்ளுவர் புலனடக்கத்துக்கு ஆமையை உவமை காட்டினார். கண்ணாடிக்குள் வைத்து அவர் பார்த்ததில்லை போலும். தவிர, மூடிய தொட்டியில் சூடும் ஈரமும் தேங்கும். ஆகவே மேலே திறந்த, பக்கங்களில் மரத்தாலான 'ஆமை மேசை'யே சிறந்தது என்பது வளர்ப்போரிடையே பரவலான கொள்கை. ஆறடி அலமாரியை மல்லாக்கப் படுக்கவைத்தால் மேசை தயார். குறுக்குத் தட்டுகளில் வாசல் அறுத்துவிட்டால் அறைகளும் ஆயின. முதுகுப் பலகை மண்ணின் கனம் தாங்காது என்பதால் அடியில் தடித்த ஒட்டுப்பலகை; ஈரம் இறங்காமலிருக்கக் குளத்துக்கு விரிக்கும் ரப்பர் விரிப்பு. நான்கடிக்கு இரண்டடி என்று பலரும் சொல்லும் அளவு குறைந்தபட்சமே, ஆமை அதற்கு உடன்பட்டதாகச் சான்றில்லை. அலமாரியிலிருந்த நூல்கள் தரைக்கு வந்தன.

மூலைகள் தனி இயலுக்குரியவை. நேர்ச்சுவரில் தோற்கும் ஆமை மூலையில் வெல்லும்: இரு சுவரிலும் கால் ஊன்றி எழும்பி, விளிம்பைப் பற்றி, ஒன்று வெளியே விழும் அல்லது மல்லாந்து உள்ளே விழும். விளக்கின் நேர்கீழே மல்லாந்து கிடந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே நான்கு மூலைக்கும் முக்கோணப் பலகை வைத்து மேலே மூடுவர். மந்தபுத்தி என்று நாம் பெயர் வைத்த பிராணி, தச்சர் விட்ட குறையைக் கண்டுபிடித்துவிடுகிறது. நம்மூரில் கட்டடம் பார்வையிடும் பொறியாளர்கள் இவ்வளவு அக்கறையாக மூலைகளைப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

அடுத்து வெயில். ஜன்னலோரம் வைத்தால் தீராதோ எனின், தீராது. வைட்டமின் டி3 உண்டாகத் தேவைப்படும் புற ஊதா பி கதிரைச் சாதாரண ஜன்னல் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். அது கிடைக்காவிட்டால் கால்சியம் உடம்பில் சேராது, ஓடு மெத்தென்றாகும். ஆகவே சூரியனை விளக்காக வாங்குகிறார்கள். மேசையின் ஒரு கோடியில் 30 முதல் 35 டிகிரி வரை, மறுகோடியில் ஏறத்தாழ 20. எங்கே எப்போது போவதென்பதை ஆமை முடிவு செய்யும். பல குழாய் விளக்குகளில் கண்ணுக்குத் தெரியும் ஒளி மங்கும் முன்பே புற ஊதா வற்றிவிடும் என்பதால், பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும் விளக்கையே ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை கழற்றிக் குப்பையில் போட வேண்டும். மின்கட்டணத்துக்கு அஞ்சி வீட்டார் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்க, அதே அறையில் ஒருவர் மட்டும் ஏதென்ஸில் வசிக்கிறார்.

தோட்டமும் தப்பாது. மேல்மண்ணும் மணலும் மேசைக்குப் போகும். புல்வெளியில் முளைக்கும் டேன்டிலயன் களையைப் பிடுங்குவது ஆங்கிலேயரின் குலதர்மம். ஆமை வந்த வீட்டில் அதையே விதை போட்டு வளர்க்கிறார்கள், நார்ச்சத்துள்ள களைதான் அதற்கு உணவு என்பதால்.

பிறகு குளிர்சாதனப் பெட்டி. இந்த இனங்களில் பல குளிர்காலம் முழுக்க உறங்குபவை. இங்கிலாந்தின் குளிர்காலமோ ஒருநாள் உறைய வைக்கும், மறுநாள் அரைகுறையாக எழுப்பிவிடும். 5 டிகிரியை மாறாமல் காப்பது பிரிஜ்தான் என்று கண்டார்கள். இரண்டு மூன்று வாரம் பட்டினி போட்டுக் குடலைக் காலியாக்கி, பெட்டியிலிட்டு உள்ளே வைத்துவிட்டு, காற்று மாற அடிக்கடி கதவைத் திறக்கிறார்கள். பாலும் வெண்ணெயும் வேறு பெட்டி தேட வேண்டியதுதான்.

இவ்வளவும் வேண்டுமா என்ற மறுப்புக்கு வலுவான சான்று ஒன்றுண்டு. 1968 செப்டம்பரில் சோவியத்தின் சோண்ட் 5 விண்கலம் இரண்டு புல்வெளி ஆமைகளோடு சந்திரனைச் சுற்றிவிட்டு இந்தியப் பெருங்கடலில் இறங்கியது. பம்பாய் வழியாக ஊர் திரும்பிய ஆமைகள் எடையில் பத்தில் ஒரு பங்கு இழந்திருந்தாலும் பசியோடு இருந்தன. மேசையுமில்லை, டேன்டிலயனுமில்லை. ஆனால் இச்சான்று நம் கருதுகோளையே நாட்டுகிறது: அவை ஒரு வல்லரசின் ராக்கெட்டையே ஜப்தி செய்திருந்தன.

அமீனாவுக்கும் ஆமைக்கும் ஒரு வேறுபாடு உண்டென்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அமீனா பொழுது சாயுமுன் கிளம்பிவிடுவார். ஆமை ஐம்பது ஆண்டுக்கு மேலும் இருக்கும். 'செல்போர்னின் இயற்கை வரலாறு' எழுதிய கில்பர்ட் ஒயிட்டின் அத்தை, திமத்தி என்ற ஆமையை ரிங்மர் வீட்டு முற்றத்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டு வைத்திருந்தார். அவர் இறந்ததும் 1780 மார்ச்சில் ஒயிட் அதை உறக்கத்திலேயே தோண்டியெடுத்து வண்டியில் செல்போர்னுக்குக் கொண்டுபோனார். ஒயிட் 1793இல் இறந்தார். திமத்தி அடுத்த ஆண்டு இறந்தது. அது பெண் என்பது பிறகுதான் தெரிந்தது. டெவனில் 2004 வரை வாழ்ந்த மற்றொரு திமத்தியும் பெண்ணே. இரண்டு சான்றை வைத்து விதி வகுக்கக் கூடாது என்பதால் மேலே செல்கிறோம்.

இதனால் இன்றும் உயிலில் ஆமைக்கென்று ஒரு பத்தி எழுதுவோர் அங்குண்டு. முன்யோசனை உள்ளவர்கள் மருமகனுக்கு ஆமையோடு மேசை, விளக்கு, பிரிஜ் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுவார்கள். தரையில் கிடக்கும் புத்தகங்கள் யாருக்கு என்பது மேலாய்வுக்குரியது.