தண்ணீர் மட்டமும் பங்கு விலையும்

நெய்வேலியில் தண்ணீருக்காகத் துளை போட்ட இடத்தில்தான் பழுப்பு நிலக்கரி வந்தது. 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தண்ணீரோடு கறுப்பாக ஏதோ கலந்து வந்தது. அவர் அதை அலட்சியம் செய்யாமல் விசாரிக்கப் போய்த்தான் இந்த ஊருக்கு ஒரு விதி எழுதப்பட்டது. அந்தக் கரியை வெட்டியெடுக்க 1956 நவம்பரில் ஒரு பொதுத்துறை நிறுவனம் பதிவானது. அடுத்த மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். கரி கண்ணில் பட்டதோ 1961இல். இடையில் போன நாலு வருஷமும் மண்ணோடும் தண்ணீரோடும் மல்லுக்கட்டியதுதான்.

எழுபதுகளின் கடைசியில் நான் பயிற்சிப் பொறியாளனாகச் சேர்ந்தபோது, அந்த மல்லுக்கட்டைப் பார்த்தவர்கள்தான் மேலதிகாரிகளாக இருந்தார்கள். பிற்பாடு நானும் அந்த வரிசையில் போய் உட்கார்ந்து ஓய்வு பெற்றேன். உயரதிகாரி என்பவர் காலையில் முதலில் எதைப் பார்க்கிறார் என்பதிலேயே அவருடைய வேலை என்ன என்பது தெரிந்துவிடும். எங்கள் தலைமைப் பொறியாளர் முதலில் பார்த்தது தண்ணீர் மட்டத்தை.

காரணம் இருக்கிறது. கரிப்படுகைக்குக் கீழே மணல் அடுக்கு. அதில் அடைபட்ட தண்ணீர் ஓயாமல் மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கும். மேல்மண்ணை எடுக்க எடுக்க, அதை அமுக்கி வைத்திருக்கும் பாரம் குறையும். சுற்றிலும் பம்பு வைத்து இரவு பகலாக இறைத்து அந்த அழுத்தத்தைத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். அதனால் பம்புக்குப் போகும் கரண்டு நின்றது என்று நடுராத்திரி போன் வந்தால், அவர் லுங்கியோடு ஜீப்பில் ஏறிவிடுவார். ஆள் அனுப்பிக் கேட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பே அவருக்கு வராது.

தண்ணீர்க் கணக்கு முடிந்ததும், சுரங்கத்தில் படிபடியாக வெட்டிய பெஞ்சுக்கு இறங்குவார். ஜெர்மனியிலிருந்து வந்த பக்கெட் வீல் இயந்திரங்கள் அந்த நாட்டின் இளகிய மண்ணுக்குப் பழகியவை. நம் கடலூர் மணற்கல் அவற்றின் பற்களைத் தின்று தீர்த்தது. கழற்றிப் போட்ட பல் ஒன்றைக் கையில் எடுத்து, மழுங்கின முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார்.

“இது எத்தனை நேரம்ப்பா தாங்குச்சு?”

“ஒரு ஷிப்டுகூட வரலீங்கய்யா. வேற வெல்டிங் ராடு போட்டுப் பாக்கலாம்ங்க.”

“எந்த ராடு? ஸ்டோர்ல இருக்கா?”

ஸ்டோரில் இல்லாவிட்டால் அன்றைக்கே எழுதுவார். வெல்டர் சொன்ன யோசனை என்பதையும் குறிப்பில் சேர்ப்பார். எனக்கு அதிகாரம் என்றால் என்னவென்று புரிந்தது அங்கேதான்.

ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுத எனக்கு மனம் வராது. பல்லைத் தடவிப் பார்த்த கை, நிலம் கொடுத்தவன் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. நிலம் எடுத்தது 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. நிலத்தின் மேல் உரிமை காட்ட முடிந்தவருக்குத்தான் அதில் இழப்பீடு. அந்த வயலில் நாற்று நட்டு, களையெடுத்துப் பிழைத்த கூலிக் குடும்பம் காகிதத்திலேயே வராது. ஊர் ஊராகக் காலி செய்தார்கள். நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையம் 1962இல் ஓடத் தொடங்கியபோது ஊரே பெருமைப்பட்டது. அந்தப் பெருமையில், ஊரை விட்டுப் போனவர்களின் பெயர்ப் பட்டியலை யாரும் கேட்கவில்லை.

இப்போது அதே மாதிரி நாற்காலியில், டவுன்ஷிப்பில் எங்கள் பக்கத்து வீட்டில் வளர்ந்த பையன் ஒருவன் இருக்கிறான். வேறொரு பொதுத்துறை சுரங்க நிறுவனத்தில், வேறு மாநிலத்தில். பொங்கலுக்கு வந்தபோது கேட்டேன்.

“காலைல எழுந்ததும் மொதல்ல எதைப்பா பாக்கறே?”

“போனைத்தான் மாமா. டெல்லியிலேர்ந்து என்ன வந்திருக்குன்னு பாப்பேன். அப்புறம் நேத்து ஷேர் எங்க முடிஞ்சுதுன்னு.”

“சுரங்கத்துக்குள்ள எறங்கறியா?”

“மாசத்துக்கு ஒரு தடவை எறங்கினா பெரிசு மாமா. ஒன்பதரைக்கு வீடியோ கான்பரன்ஸ், அப்புறம் போர்டு நோட், கோர்ட் கேஸ், டெண்டர். கேமரா இருக்கு, டிராயர்ல ரிப்போர்ட் இருக்கு. எல்லாம் தெரியும். ஆனா எதையும் தொட்டுப் பாத்ததில்ல.”

அவனைக் குறை சொல்ல முடியாது. வேலை அப்படி மாறிவிட்டது. நெய்வேலியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் நிறுவனத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா என்றானது. ஒடிசாவில் தலபிரா நிலக்கரி, உத்தரப் பிரதேசத்தில் காட்டம்பூர் மின் நிலையம், ராமநாதபுரம் பக்கம் சூரியத் தகடுகள். இத்தனையையும் ஒரே மேசையிலிருந்து பார்க்க வேண்டியவர் எந்தப் பல்லைத் தடவுவார்? 1962இல் தொடங்கிய அந்த முதல் அனல்மின் நிலையம் 2020இல் மூடப்பட்டது. இன்னொரு பக்கம், காகிதங்கள் கூடியதில் நல்லதும் உண்டு. தகவல் உரிமைச் சட்டமும் 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டமும் வந்த பிறகு, அந்தக் கூலிக் குடும்பமும் கேள்வி கேட்கலாம். எங்கள் காலத்தில் அதற்கு வழியே இல்லை.

இருந்தும் 2020 மே மாதமும் ஜூலை மாதமும் நெய்வேலியின் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நடந்தன. செத்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக, கதிர் பிடிக்கப் போகும் நெல் வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல வருஷத்துக்கு முன்பே எடுக்கப்பட்டது என்றது நிர்வாகம். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போய், ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி உத்தரவாயிற்று. அறுவடை வரை பொறுத்திருக்கலாமா என்று வரப்பில் நின்று கேட்க வேண்டியது ஓர் உயரதிகாரியின் வேலை. அதை நீதிபதி கேட்க வேண்டி வந்தது.

தண்ணீர் விஷயம் இதைவிட உறுத்துகிறது. கிணறு வேண்டும் என்று துளை போட்ட ஊரில், கரிக்காக அறுபது ஆண்டுக்கு மேல் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கிறோம். அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி பாசனத்துக்குப் போகிறது. சென்னையின் பஞ்ச காலங்களில் குடிநீராகவும் போனது. அதே சமயம் சுற்றுவட்டார விவசாயிகள், முன்பு கைக்கெட்டும் ஆழத்தில் இருந்த தண்ணீருக்கு இப்போது போர்வெல் போட்டுக் கட்டுப்படியாகவில்லை என்கிறார்கள். எங்கள் தலைமைப் பொறியாளர் மட்டம் இறங்கினால் நிம்மதிப் பெருமூச்சு விடுவார். அதே இறக்கம் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பத்துக்குக் கடனாக வந்து விழுகிறது. இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வேலிக்கு உள்ளே மட்டும் அளந்தது எங்கள் தலைமுறை. வேலிக்கு வெளியேயும் அளந்து, அளந்ததை ஊருக்குச் சொல்வதுதான் இன்றைய உயரதிகாரியின் முதல் வேலை.

அந்த நாற்காலிகளில் இருப்பவர்களுக்கும் இனி வரப்போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எடுத்த நிலம் எவ்வளவு, கொடுத்த இழப்பீடு எவ்வளவு, வாக்களித்த வேலையில் கொடுத்தது எத்தனை, இந்த மாதம் இறைத்த தண்ணீர் எவ்வளவு, சுற்றியுள்ள கிணறுகளில் மட்டம் எங்கே நிற்கிறது என்பதை ஒவ்வொரு கிராமத்து ஊராட்சி அலுவலகச் சுவரிலும் தமிழில் எழுதி வையுங்கள். மாதம் ஒரு நாள் அந்தச் சுவருக்கு எதிரே நீங்களே போய் உட்காருங்கள், உதவியாளரை அனுப்பாதீர்கள்.