நான்கே நாள் ஓடிய நகரம்

கேள்வி: எட்வர்ட் யாங்கின் 'தைபே ஸ்டோரி'யில் ஒன்றுமே நடக்கவில்லையே! அதைப் போய் ஏன் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள்?

பதில்: 1985இல் தைபே ரசிகர்களுக்கும் இதே கோபம்தான், படம் நான்கே நாளில் பெட்டிக்குள் போய்விட்டது. கதாநாயகனாக நடித்த ஹௌ சியாவ் சியன், தானே பெரிய இயக்குநர், இதற்காகத் தன் வீட்டை அடமானம் வைத்தவர். (வீட்டில் என்ன பேச்சு வாங்கினாரோ!) ஆனால் ஒன்றும் நடக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. நடப்பது மனிதர்களுக்கு முன் ஊருக்கு. எடுத்த எடுப்பில் ஒரு காலி வீடு. எதை எங்கே வைக்கலாம் என்று நாயகி கணக்குப் போடுகிறாள். துணி வியாபாரியான அவள் காதலனோ, சிறுவயதில் ஆடிய பேஸ்பாலை விட்டு இன்னும் வெளியே வரவில்லை. ஜன்னலோரம் நிற்கும் கட்டடக் கலைஞர் ஒருவர், எதிரே தெரிவதில் எது தான் வரைந்தது என்றே தெரியவில்லை என்கிறார். ராட்சத ஃபியூஜி நியான் பலகை முன்னே ஆட்கள் வெறும் நிழலாகிறார்கள். இதையெல்லாம் விறுவிறுப்பாகச் சொல்லக்கூடாதா என்பீர்கள். ஒரே சண்டையில் முறிகிற காதலென்றால் சொல்லலாம். இது சுவரில் ஓதம் ஏறுகிற மாதிரி பாழாகிற காதல். ஓதத்தை ஓட்டிப் பார்க்க முடியாது. கிளைப் பாத்திரங்கள் கொஞ்சம் அதிகம், அது உண்மை. மற்றபடி, கடைசியில் ஒரு கத்திக்குத்தே இருக்கிறது. அதற்குள் எழுந்து போய்விட்டீர்கள் போல!