சுவருக்கு இசைந்த கல்

கல் கடையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், என் கையிலிருந்த டைல்ஸ் துண்டை வாங்கி, வெயிலில் ஒரு முறையும் நிழலில் ஒரு முறையும் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதோட அண்டர்டோன் வார்மா, கூலா சார்?" என்று நேற்று என்னைக் கேட்டாரே, அந்தக் கேள்வி மூட்டிய கோபம் இன்னும் என் உள்ளத்தில் தணியவில்லை; தணிவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றே இக்கட்டுரையை ஆரம்பிக்கிறேன். ரசம் சூடாக இருக்கிறதா ஆறிவிட்டதா என்பதற்கு மேல், சமையலறை சம்பந்தமான உஷ்ண ஞானம் எதுவும் இத்தனை வருஷமாக எனக்குத் தேவைப்பட்டதில்லை. டைல்ஸைத் தொட்டுப் பார்த்தேன். சித்திரை வெயிலில் நெடுநேரம் பிடித்திருந்தபடியால் சுட்டது. "சூடாத்தான் இருக்கு தம்பி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. உடன் வந்திருந்த என் மருமகளும் சிரிக்கவில்லை. என் மனைவி மட்டும் ஒரு பார்வை பார்த்தாள். அதைச் சிரிப்பில் சேர்ப்பதற்கில்லை.

புடவையைக் காகிதப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, ரவிக்கைத் துணிக்காகக் கடை கடையாகப் படியேறி இறங்கிய மனைவிமாருக்குப் பின்னால் பை சுமந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த விவகாரத்தை நான் விஸ்தாரமாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வித்தியாசம் ஒன்றே ஒன்று: ரவிக்கைத் துணி ஒத்துவரவில்லை என்றால் அதைத் தலையணை உறையாக்கலாம், இருபது சதுர அடிக் கிரானைட்டை அவ்விதம் செய்வதற்கில்லை. ஆகவே எங்கள் சமையல் மேடைக்கு எந்தக் கல்லை, என்ன நியாயத்தின் பேரில், இறுதியில் தேர்ந்தெடுத்தோம் என்பதைத் தெளிவாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் பிரயோஜனம். இதே சங்கடத்தில் இருக்கும் வாசகர்களுக்கு அது ஓரளவு உபகாரமாக இருக்கக்கூடும். அதற்கு முன்பு சுவரைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லிவிடுகிறேன்.

சுவர் விஷயத்தில் என்னை ஒருவரும் கலந்தாலோசிக்கவில்லை என்பதைப் பதிவு செய்வது அவசியம். ஒரு கல்யாணத்துக்காக நான் வெளியூர் போயிருந்த சமயத்தில், பழைய டைல்ஸை உடைத்தெடுத்துவிட்டுப் புதியதை ஒட்டியாகிவிட்டது. பழையது எப்படியிருந்தது என்பதை வர்ணிக்க வேண்டியதில்லை. ஆவி பறக்கும் காபிக் கோப்பை ஒன்று, அதற்கடுத்து ஸ்ட்ராபெரி, அதற்கடுத்துக் குடைமிளகாய், பிறகு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் திராட்சை ரசம் என்று, வாசகர்களில் பாதிப்பேர் வீட்டில் இந்நேரம் இருக்கும் அதே சித்திரங்கள்தாம். எங்கள் வீட்டில் அன்றாடம் புழங்கும் முருங்கைக்காயையோ சேப்பங்கிழங்கையோ வரைந்த டைல்ஸை நான் இதுவரை எந்தக் கடையிலும் கண்டதில்லை. அந்தக் குடைமிளகாய்க்குப் பதிலாக இப்போது வந்திருப்பது, நீலமும் மஞ்சளும் பாக்கு நிறமும் கிளிப்பச்சையும் கலந்து, சதுரத்துக்குச் சதுரம் மாறுகிற பூக்கோலம். கடைக்காரர் அதை மொராக்கன் என்று சொன்னாராம். எனக்கோ பார்த்த மாத்திரத்தில் ஆத்தங்குடி ஞாபகம் வந்தது. காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள அந்த ஊரில், கண்ணாடிப் பலகையின் மீது அச்சை வைத்து, அதன் அறைகளில் வர்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் உலர்த்தி, சூளையின் முகத்தையே பாராமல் செய்கிறார்களே, அந்தக் கல்லின் கோலங்களில் ஏழெட்டு எங்கள் சுவரில் அப்படியே இருக்கின்றன. மதுரையிலிருந்து காலையில் புறப்பட்டால் ஆத்தங்குடியைப் பார்த்துவிட்டு மத்தியான்னச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஆனால் எங்கள் சுவரை அலங்கரிப்பது குஜராத்தில் மோர்பி என்னும் ஊரில் 1,000 டிகிரிக்கு மேற்பட்ட சூளையில் வெந்து, யந்திரம் அச்சடித்துத் தள்ளிய சரக்கு. செட்டிநாட்டுக் கோலத்தை மொராக்கோவின் பெயரால் குஜராத்தில் அச்சடித்து மதுரையில் விற்கும் வியாபார சாமர்த்தியத்தை நான் சற்று உரக்கவே வியந்தபோது, ஆத்தங்குடிக் கல் எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சிக்கொள்ளும், அடுப்புக்குப் பின்னால் ஒட்டினால் ஒவ்வொரு தாளிப்பும் அதில்தான் குடியேறும் என்று மருமகள் நிதானமாகப் பதில் சொன்னாள். நியாயமான பதில். நியாயமான பதில்களை நான் விரும்புவதில்லை.

இனிக் கல்லுக்கு வருவோம். பலகை பலகையாக அறுத்துச் சாய்த்து வைத்த கற்களுக்கு நடுவே எங்களை அழைத்துப் போன இளைஞர், முதலில் ஒரு வெள்ளைப் பலகையில் தண்ணீரைத் தெளித்து, "காஷ்மீர் ஒயிட் சார், ரிச் லுக்" என்றார். வெண்மையிலே மெல்லிய சாம்பல் ஓட்டமும், ஆங்காங்கே கடுகளவு செம்புள்ளிகளும் கொண்ட அழகான கல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் புள்ளிகள், கோமேதகத்தின் ஜாதியைச் சேர்ந்த கார்னெட் என்பதையும் அறிவேன். "காஷ்மீரத்திலிருந்து இவ்வளவு பாரத்தை எப்படித் தம்பி கொண்டு வர்றாங்க?" என்று ஒன்றும் அறியாதவனாகக் கேட்டு வைத்தேன். "லாரியில சார்" என்றார். காஷ்மீர் ஒயிட் காஷ்மீரத்தைக் கனவிலும் கண்டதில்லை. அது நம் மேலூர்ப் பக்கத்துக் கல். கடை வாசலிலிருந்து ஆனைமலையைப் பார்த்தபடி பஸ்ஸில் ஏறினால், அது பிறந்த இடத்துக்கு ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். 2012-ல் இங்கே கலெக்டராக இருந்த சகாயம் அந்தப் பக்கத்துக் குவாரிகளைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதியதும், 2014-ல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரிக்கச் சொன்னதும், நாங்கள் காபி ஆறுவது தெரியாமல் பத்திரிகை படித்ததும் நேற்று நடந்த மாதிரி இருக்கின்றன. அப்படி மலை மலையாக வெட்டியெடுத்த கல்லுக்கு, இரண்டாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள பனிமலையின் பெயரைச் சூட்டி, அதை எங்கள் ஊரிலேயே எங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறார்கள்.

ஒன்று இப்படியென்றால் மற்றவை எப்படி என்று அறியும் ஆவல் எனக்கு எழுந்தது, எழுந்திருக்கக் கூடாது. அடுத்து நின்றது பிளாக் கேலக்ஸி. கருமையில் பொன் துகள் தூவிய இந்தக் கல், ஆகாய மண்டலத்திலிருந்து விழுந்ததன்று. ஆந்திர தேசத்தில் ஒங்கோலுக்கு அருகிலுள்ள சீமகுர்த்தியில் தோண்டியெடுப்பது. அந்தப் பொன்னும் பொன்னன்று, பிரான்ஸைட் என்னும் ஒரு தாதுப்பொருள். இதில் வேடிக்கை என்னவென்றால், பூகர்ப்ப சாஸ்திரிகள் இதைக் கிரானைட் என்றே ஒப்புவதில்லை. அவர்கள் கணக்கில் இது காப்ரோ குடும்பம். எலுமிச்சம்பழத்துக்கு அஞ்சாமல் பளபளக்கும் கல் எதுவாயினும் வியாபாரிக்கு அது கிரானைட்தான். அதற்கடுத்த டான் பிரவுன் தெலங்கானத்துக் கரீம்நகர்வாசி. பச்சைக்குக் கர்நாடகத்து ஹாசன். சிவப்புக்கு அதே ராஜ்யத்து இல்கல். சேலைக்கும் பெயர்போன ஊராகையால், இல்கல் ஸ்திரீகள் கட்டியிருக்கும் புடவைக்குப் பொருத்தமாக மேடை அமைத்துக்கொள்ளும் வசதி அவ்வூரில் ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது என்று நான் சொன்னேன். இதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

பிறகு பல்லாவரத்துக் கல் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். இல்லை என்று தெரிந்தேதான் கேட்டேன். கேட்காவிட்டால் ஜாப் சார்னாக்கின் கதையைச் சொல்வதற்கு எனக்குச் சந்தர்ப்பம் வாய்த்திராது. கல்கத்தா நகரத்தை ஸ்தாபித்தவர் என்று வெகுகாலம் சரித்திர புஸ்தகங்கள் கொண்டாடிய கும்பினி உத்தியோகஸ்தர் சார்னாக். 2003-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம், நகரத்தை அவர் ஸ்தாபிக்கவில்லை என்று சொல்லி அந்தப் பெருமையைப் பிடுங்கிக்கொண்டது. ஆனால் அவரிடமிருந்து எந்த நீதிமன்றமும் பிடுங்க முடியாத ஒரு பெருமை உண்டு. அந்நகரத்துப் புனித ஜான் தேவாலய வளாகத்தில் அவருடைய கல்லறையின் மீது கிடக்கும் பலகைக் கல்லை, 1893-ல் ஹாலந்து என்னும் பூகர்ப்ப சாஸ்திரி பரிசோதித்து, அது சென்னைக்கடுத்த பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறை இனத்தைச் சேர்ந்தது எனக் கண்டு, அந்த இனத்துக்கே சார்னாக்கைட் என்று நாமகரணம் செய்தார். உலகத்துப் பூகர்ப்ப சாஸ்திர நூல்களிலெல்லாம் இன்றைக்கும் அதுவே பெயர். வங்காளத்தில் புதையுண்ட ஓர் ஆங்கிலேயருக்காகப் பல்லாவரத்துப் பக்கத்திலிருந்து கல் கப்பலேறிப் போயிருக்கிறது. ஆயினும் அதை வாங்க வந்தவர்கள், தேவாலயச் சுவரில் ஒரு துண்டைப் பெயர்த்துக் கையில் வைத்துக்கொண்டு, வார்மா கூலா என்று விசாரித்ததாக எந்தப் புஸ்தகத்திலும் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை நான் நிறுத்தி, அழுத்தி, இளைஞரின் முகத்தைப் பார்த்தே சொன்னேன். "மாமா, கடைக்கு இன்னும் நாலு பேர் வந்திருக்காங்க" என்றாள் மருமகள்.

என் ஆத்திரம் அந்த இளைஞரின் மீதல்ல. அவர் படித்த பாடத்தை ஒப்பிக்கிறார். கோடானு கோடி வருஷங்கள் பூமியின் வயிற்றில் வெந்து உறைந்து மேலே வந்த ஒரு பாறையை, போன தீபாவளிக்கு அச்சான ஒரு டைல்ஸுக்கு முன்னால் நிறுத்தி வைத்து, சேரவில்லையே என்று உதட்டைப் பிதுக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? அப்படியே சேர்ந்தாலும் எத்தனை நாள் கண்ணுக்குத் தெரியும்? கல் பதித்த மறுநாளே மிக்ஸி ஒரு பக்கம், கிரைண்டர் ஒரு பக்கம், தண்ணீர் சுத்திகரிக்கும் பெட்டி, எண்ணெய்த் தூக்கு, காலி ஹார்லிக்ஸ் பாட்டில்களில் பருப்பு வகையறா, அவற்றுக்குக் கீழே விரித்த பழைய தினத்தாள் ஆகியவை வந்து அமர்ந்த பின்பு, மிச்சமிருக்கும் உள்ளங்கை அகலக் கல்லும் உள்ளங்கை அகலச் சுவரும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதற்கே வழியில்லை.

வீட்டில் இதற்கென்று ஒரு சபை கூடியது. மேஸ்திரியின் அபிப்பிராயம் சுருக்கமானது: "ஐயா, கறுப்பைப் போட்டுட்டுப் போயிட்டே இருங்க. எதுக்கும் சேரும், அழுக்கும் தெரியாது." இத்தனை பேரில் அவர் ஒருவரே முப்பது வருஷமாகக் கல் பதிப்பவர் என்பதாலோ என்னவோ, அவர் சொன்னதை ஒருவரும் பரிசீலிக்கவில்லை. வாஸ்து சாஸ்திரத்தில் பிரியமுள்ள என் மைத்துனர், கறுப்பு சனியின் வர்ணம், அக்கினி மூலையில் சனியை உட்கார வைக்கலாகாது என்று ஆட்சேபித்தார். இவ்வளவு காலமும் அதே மூலையில் கறுப்புக் கடப்பாக் கல்தானே கிடந்தது என்று கேட்டேன். "அதான் அத்தான், நீங்க இப்படி இருக்கீங்க" என்றார். அந்தக் கடப்பாக் கல் சுண்ணாம்பு ஜாதி. புளியும் எலுமிச்சையும் சிந்திச் சிந்தி, கறுப்பு போய்ப் பல காலமாகவே சாம்பல் பூத்துத்தான் இருந்தது. சனி எப்போது கிளம்பிப் போனாரென்று எனக்குத் தெரியாது. மாடி வீட்டுக்காரர் குவார்ட்ஸ் போடச் சொன்னார். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு படிகக்கல் தூள், மிச்சம் பிசின். பிசின் 150 டிகிரியிலேயே பதம் கெட்டுவிடும் என்கிறார்கள். வடை பொரிந்த வாணலியை இறக்கும்போது அதிலுள்ள எண்ணெய் 180-க்குக் குறையாது. சூடான பாத்திரத்தை வைப்பதற்கு முன்னால் பிரிமணை தேட வேண்டிய மேடை எதற்கு என்று என் மனைவி கேட்டாள். இந்த விவகாரத்தில் கேட்கப்பட்ட கேள்விகளில் அது ஒன்றே பதில் சொல்லத் தகுதியுடையது. மேலூர்க் காஷ்மீரத்தையும் அவளே தள்ளினாள்: மஞ்சள் பட்டால் குடித்துவிடுமாம், வருஷா வருஷம் மேலே மருந்து பூச வேண்டுமாம்.

பின்பு புகைப்படங்கள் ஆரம்பமாயின. டைல்ஸைச் செல்போனில் படமெடுத்துக் கடைக்கும், கல்லைப் படமெடுத்து வீட்டுக்கும், இரண்டையும் அமெரிக்காவிலிருக்கும் மகளுக்கும் அனுப்பினார்கள். கடையில் பார்த்த தேன் நிறம் போனில் செங்கல் நிறமாகி, எங்கள் டியூப் லைட்டின் கீழ் ஒருவிதச் சாணி நிறமாகிவிட்டது. அங்கே நடுநிசியில் விழித்தெழுந்த மகள், "அப்பா, இது ரொம்ப பிஸியா இருக்கு" என்று செய்தி அனுப்பினாள். சுவர் பிஸியாக இருக்கிறதா, கல்லா, அல்லது இரண்டிலொன்றைச் சற்று ஓய்வெடுக்கச் சொல்கிறாளா என்று விசாரிப்பதற்குள் தூங்கிவிட்டாள். கடையிலிருந்து இலவசமாகக் கொடுத்த மாதிரித் துண்டுகள் பலவும் இப்போது சாப்பாட்டு மேஜையில் வரிசையாகக் கிடக்கின்றன. நேற்று இரவு மோர்க் கிண்ணத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

கல் வந்தால்தான் சுவரின் கீழ் வரிசையை ஒட்ட முடியும் என்று மேஸ்திரி அந்த ஒரு வரிசையை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார். எந்தக் கல் என்ற தீர்மானத்தைக் காரணத்தோடு விளக்கப் பேனாவை எடுக்கும் இத்தருணத்தில், அவரே வாசலில் வந்து நிற்கிறார். டைல்ஸ் இடுக்குகளில் அடைக்கும் பூச்சுக்கு நிறம் சொல்ல வேண்டுமாம். வெள்ளை என்றேன். வெள்ளையிலேயே ஐவரி, ஆஃப் ஒயிட், ஸ்நோ என்று அட்டையில் இருக்கிறதாம். அட்டையை வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். அம்மாவையும் கூப்பிடச் சொல்கிறார்.